கருத்துக் கேட்புக் கடிதம் வந்திருக்கிறது: கவுன்சில் வாடகைதாரர் என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் கிழக்கு லண்டனில் நான்கு மாடிகள் கொண்ட கவுன்சில் (உள்ளூராட்சி மன்றத்) தொடர்மாடி ஒன்றில் 19 ஆண்டுகளாக வசிக்கிறோம். மொத்தம் 38 வீடுகள். அவற்றில் ஆறு வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் கட்டடத்துக்கென்றே இருந்த கேர்டேக்கரை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை வந்துபோகும் துப்புரவுக் குழுவை அமர்த்தும் யோசனை இருப்பதாகவும், நான்கு வாரங்களுக்குள் கருத்துத் தெரிவிக்கலாம் என்றும் கவுன்சில் கடிதம் அனுப்பியிருக்கிறது. இப்போதே சனிக்கிழமைகளில் குப்பைக் குழாய் அடைத்துக்கொள்கிறது. கேர்டேக்கர்தான் வந்து எடுத்துவிடுகிறார். "தீர்மானித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், எழுதி என்ன பயன்" என்கிறார் மாமா. வீட்டை விலைக்கு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரோ, கவுன்சிலை விலக்கி நாமே நிர்வாகத்தை எடுத்து நடத்தலாம் என்கிறார். வாடகை ஒப்பந்தம் அம்மாவின் பெயரில் இருக்கிறது. எதிர்த்து எழுதினால் வீடு பறிபோய்விடும் என்று அவர் அஞ்சுகிறார். எங்கள் குளியலறையில் பூஞ்சணம் பிடித்திருப்பதையும் இதே பதிலில் எழுதலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமாவின் சலிப்பு எனக்குப் புதிதல்ல. வீடமைப்பு ஆலோசனைக்கு வருவோரில் பலர் இதே வார்த்தைகளோடுதான் கவுன்சிலின் கடிதத்தை என் மேசையில் வைக்கிறார்கள். அவர் சொல்வதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது: அதிகாரிகள் ஒரு யோசனையை எழுதி, அதற்குச் செலவுக் கணக்கும் போட்ட பிறகுதான் உங்கள் வீட்டுக் கதவுக்குக் கடிதம் வருகிறது. ஆயினும் அதிகாரிகளின் விருப்பம் வேறு, கவுன்சிலின் முடிவு வேறு. அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் சில வாரங்களில்தான் வாடகைதாரரின் சொல்லுக்கு எடை அதிகம். முடிவு வெளியான பின்னர் நூறு பேர் கையொப்பமிட்டு அனுப்பும் மனுவைவிட, இப்போது பத்து வீட்டுக்காரர் விவரத்தோடு எழுதும் பதில் பயன் தரும் என்பது என் அனுபவத்தில் கண்ட உண்மை.

முதலில், கவுன்சில் ஏன் உங்களிடம் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பாதுகாப்பான வாடகையுரிமை (secure tenancy, அதாவது சட்டக் காரணமும் நீதிமன்ற உத்தரவும் இன்றி வெளியேற்ற முடியாத உரிமை) பெற்ற கவுன்சில் வாடகைதாரர்களை, அவர்களைப் பெரிதும் பாதிக்கக்கூடிய நிர்வாக மாற்றம் எதையும் செய்வதற்கு முன்னர் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. பராமரிப்பு முறையிலான மாற்றம், புதுப்பிப்புத் திட்டம், கட்டடத்தை இடிக்கும் திட்டம் போன்றவை அதனுள் அடங்கும். வாடகைத் தொகையும் சேவைக் கட்டணத் தொகையும் அடங்கா. ஆகவே "துப்புரவுக் கட்டணத்தைக் குறையுங்கள்" என்பதையே உங்கள் பதிலின் மையமாக வைத்தால், அது இந்தக் கலந்தாலோசனைக்கு உட்பட்டதல்ல என்று எளிதாக ஒதுக்கிவிடுவார்கள். "இந்தச் சேவை இப்படி மாறினால் கட்டடத்தில் இன்னது நடக்கும்" என்று எழுதினால் அவ்வாறு ஒதுக்க முடியாது. தன் கலந்தாலோசனை நடைமுறை என்ன என்பதைக் கவுன்சில் வெளியிட்டிருக்க வேண்டும் என்றும், அதன் பிரதியைத் தலைமை அலுவலகத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்வையிட இடமளிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தான் எழுதிவைத்த நடைமுறையைத் தானே மீறியிருக்கும் கவுன்சில்கள் உண்டு.

கலந்தாலோசனை என்பது உங்களுக்குத் தடுப்பு அதிகாரத்தைத் தருவதில்லை. எல்லோரும் வேண்டாம் என்று சொன்னாலும் கவுன்சில் தன் முடிவை எடுக்கலாம். ஆனால் அது பெயரளவுச் சடங்காக இருக்கக் கூடாது. 1985இல் பிரென்ட் கவுன்சில் சம்பந்தப்பட்ட ஒரு பள்ளிக்கூட வழக்கில் முன்வைக்கப்பட்ட நான்கு அளவுகோல்களை நீதிமன்றங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன: யோசனை இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும், ஆராய்ந்து பதில் சொல்லப் போதிய காரணங்களைத் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த பதில்களை முடிவெடுப்போர் மனச்சாட்சியோடு கருத்தில் கொள்ள வேண்டும். 2014இல் ஹாரிங்கே கவுன்சிலின் உள்ளூர் வரிச் சலுகை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்றுக்கொண்டதோடு, கைவிடப்பட்ட மாற்று வழிகளை மக்களுக்குச் சொல்லாமல் விட்டதால் அந்தக் கலந்தாலோசனை சட்டத்துக்கு முரணானது என்றும் தீர்ப்பளித்தது. உங்கள் கையிலுள்ள கடிதத்தில் மாற்று வழி ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் கேர்டேக்கர், அல்லது இரண்டு கட்டடங்களுக்கு ஒருவர் என்ற வழிகள் ஆராயப்பட்டனவா, ஆராயப்பட்டிருந்தால் ஏன் கைவிடப்பட்டன என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகளோடு, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தையும் இன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இப்போதைய சேவையின் ஆண்டுச் செலவு, புதிய ஏற்பாட்டின் மதிப்பிட்ட செலவு, கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் கட்டடத்திலிருந்து குப்பை, துப்புரவு பற்றி வந்த முறைப்பாடுகளின் எண்ணிக்கை, இதே மாற்றம் ஏற்கெனவே வேறு கட்டடங்களில் செய்யப்பட்டிருந்தால் அங்கு முறைப்பாடுகள் கூடினவா குறைந்தனவா என்னும் விவரம் ஆகியவற்றைக் கேட்டால் போதும். பதில் தரக் கவுன்சிலுக்கு 20 வேலை நாள் அவகாசம் உண்டு. நான்கு வாரம் என்பதும் ஏறக்குறைய அதே 20 வேலை நாள்தான் என்பதால், ஒரு வாரம் தாமதித்து அனுப்பினால் கெடு முடிந்த பிறகே பதில் வந்து சேரும். விவரங்கள் கைக்கு வரும் வரை கெடுவை நீட்டிக்குமாறும் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

இனி, பதிலில் என்ன எழுதுவது? "நாங்கள் இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்ற வாக்கியம் அறிக்கையில் "பதிலளித்தோரில் பெரும்பாலோர் எதிர்த்தனர்" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடும். உங்கள் கடிதத்திலேயே அதைவிட வலுவான செய்தி இருக்கிறது: சனிக்கிழமைகளில் குப்பைக் குழாய் அடைத்துக்கொள்கிறது, கேர்டேக்கர் எடுத்துவிடுகிறார். புதிய குழு செவ்வாய்க்கிழமை வருவதாக வைத்துக்கொண்டால், சனி அடைத்த குழாய் மூன்று நாட்கள் அப்படியே கிடக்கும். மேல்மாடியில் இருப்பவர்கள் பைகளைப் படிக்கட்டின் அருகில் வைப்பார்கள். எலி வரும், அதைவிட முக்கியமாக, தீ விபத்து நேர்ந்தால் வெளியேற வேண்டிய வழியில் எரியக்கூடிய பொருள் குவிந்து கிடக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை எந்த அதிகாரியும் அறிக்கையிலிருந்து இலகுவாக நீக்கிவிட மாட்டார். அடுத்த சில சனிக்கிழமைகளில் குழாயின் வாயைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். எரியாத படிக்கட்டு விளக்கு, பூட்டாத கீழ்க்கதவு, யாரோ கொண்டுவந்து போட்ட பழைய மெத்தை ஆகியவற்றை இப்போது யார் கவனித்துத் தகவல் கொடுக்கிறார், இனி யார் கொடுப்பார் என்று கேளுங்கள். ஒரே கடிதத்தின் 38 பிரதிகளில் கையொப்பம் வாங்குவதைவிட, வீட்டுக்கு வீடு வேறுபட்ட அனுபவத்தைச் சொல்லும் சில கடிதங்கள் மேல். சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தையோடு இருப்பவர், இரவு வேலைக்குப் போய்வருபவர் எனப் பலர் உங்கள் கட்டடத்தில் இருப்பார்கள்.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதையும் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான லண்டன் கவுன்சில்களில் வீடமைப்புக்குப் பொறுப்பான ஓர் அமைச்சரவை (முடிவெடுக்கும் கவுன்சிலர் குழு) உறுப்பினர் இருப்பார். முடிவை அவரே எடுக்கலாம், அல்லது அமைச்சரவை கூடி எடுக்கலாம். முக்கிய முடிவு என்று வகைப்படுத்தப்பட்டவற்றைக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். கூட்டத்துக்கு ஐந்து முழு நாட்களுக்கு முன்னரே அறிக்கை இணையத்தில் வெளியாக வேண்டும். அந்த அறிக்கையைத் தேடிப் பிடித்து, உங்கள் கருத்துகள் அதில் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் உடனே எழுதுவதுதான் இந்த முயற்சி முழுவதிலும் பலர் தவறவிடும் கட்டம். உங்கள் வட்டாரக் கவுன்சிலர்களில் ஒருவரையாவது அவரது சந்திப்பு நேரத்தில் நேரில் சென்று பாருங்கள். வீடமைப்பு விடயங்களை ஆராயும் மேற்பார்வைக் குழுவில் அவர் இந்தக் கேள்வியை எழுப்பலாம். பொதுமக்கள் கேள்வி கேட்கவும் தூதுக்குழுவாக வந்து சில நிமிடம் பேசவும் பல கவுன்சில்கள் இடமளிக்கின்றன. கவுன்சிலிடம் பணமில்லை என்ற பதில் எப்படியும் வரும். கவுன்சில் வீடுகளின் வாடகை, வீடமைப்பு வருவாய்க் கணக்கு என்ற தனிக் கணக்கில் சேர்வது. அதை வீதி போடவோ நூலகம் நடத்தவோ எடுக்க முடியாது. அந்தக் கணக்கின் வரவு செலவுத் திட்டம் பொதுவாக ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முடிவாகி ஏப்ரலில் நடைமுறைக்கு வருகிறது. கேர்டேக்கர் சேவைக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கப்படும் தொகையைப் பற்றிக் கேட்க வேண்டிய காலம் அதற்கு முந்திய இலையுதிர் காலமே தவிர, ஏப்ரல் அல்ல.

மாமாவுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அவர் கண்ட நிலைமை இன்று அப்படியே இல்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் வடக்குக் கென்சிங்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற கவுன்சில் தொடர்மாடி எரிந்து 72 பேர் உயிரிழந்தனர். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதியும் பேசியும் வந்திருந்தார்கள், அவர்களுக்குச் செவிசாய்க்கப்படவில்லை. அதன் விளைவாக வந்த 2023ஆம் ஆண்டின் சமூக வீடமைப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 2024 ஏப்ரல் 1 முதல் புதிய நுகர்வோர் தரநிலைகள் நடைமுறையில் உள்ளன. சேவைகள் பற்றி முடிவெடுக்கும்போது வாடகைதாரரின் கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், எப்படி எடுத்தோம் என்பதை அவர்களுக்குத் திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வாடகைதாரர்கள் தாமாக முன்வந்து நிர்வாகத்தை ஆராய முற்பட்டால் கவுன்சில் அதற்கு உதவ வேண்டும் என்பதும் அதே தரநிலையில் இருக்கிறது. சமூக வீடமைப்பு ஒழுங்குபடுத்துநர், ஆயிரம் வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு கவுன்சிலையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்து, சி1 முதல் சி4 வரை தரமிடுகிறார். தமிழர் பெருமளவில் வாழும் நியூஹாமின் கவுன்சிலுக்கு 2024 அக்டோபரில் ஆகக் கீழான சி4 கிடைத்தது. ஆயிரக்கணக்கான தீப் பாதுகாப்புப் பணிகள் காலம் கடந்து கிடந்தமை அதற்கு ஒரு காரணம். உங்கள் கவுன்சிலின் தரத்தைப் பார்த்து, அறிக்கையில் வாடகைதாரரின் கருத்தைக் கேட்பது பற்றிய பகுதியை வாசியுங்கள். குறை கூறப்பட்டிருந்தால் அந்த வரியை உங்கள் பதிலில் அப்படியே எடுத்துக் காட்டுங்கள்.

வருடந்தோறும் நடக்கும் வாடகைதாரர் திருப்தி ஆய்வும் இதே ஏற்பாட்டின் பகுதிதான். எல்லாக் கவுன்சில்களும் ஒரே கேள்விகளைக் கேட்டு முடிவை வெளியிட வேண்டும். "உங்கள் கருத்தைக் கேட்டு அதன்படி நடக்கிறார்களா" என்பதும் அவற்றில் ஒன்று. தெரியாத எண்ணிலிருந்து யாரோ அழைத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் ஏமாற்றுக்காரர் என்று துண்டித்துவிடுவது நம்மவரிடையே வழக்கம், அதில் நியாயமும் உண்டு. சந்தேகமாக இருந்தால் கவுன்சிலை அழைத்து உறுதிப்படுத்திக்கொண்டு, ஆய்வுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனைக்கு வருகிறேன். அவர் வீட்டை நீண்டகாலக் குத்தகையில் வாங்கியவர் என்பதால், தனியார் தொடர்மாடிகளில் வீடு வாங்கியவர்கள் நிர்வாகத்தைக் கையேற்பதற்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமையைப் பற்றிப் படித்திருக்கக்கூடும். கவுன்சில் உரிமையாளராக இருக்கும் கட்டடத்துக்கு அந்த உரிமை பொருந்தாது. கவுன்சில் வாடகைதாரருக்கென வேறொரு நிர்வாக உரிமை இருக்கிறது: வாடகைதாரர் நிர்வாக அமைப்பு ஒன்றைத் தொடங்கி, கவுன்சிலோடு ஒப்பந்தம் செய்து, துப்புரவு, சிறு திருத்தங்கள் போன்ற பணிகளை அதற்கான பணத்தோடு பொறுப்பேற்கலாம். வீடுகளின் உரிமையாளராகக் கவுன்சிலே நீடிக்கும். அதற்கு அந்தப் பகுதியில் குறைந்தது 25 வீடுகள் இருக்க வேண்டும். வாடகைதாரரில் குறைந்தது 20 சதவீதத்தினர் உறுப்பினராக வேண்டும். பயிற்சி பெற வேண்டும். இறுதியில் வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். எண்ணிக்கைப்படி உங்கள் கட்டடம் தகுதி பெறலாம். ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 38 வீடுகளில் ஏழெட்டுப் பேர் வேலை முடிந்து வந்த பின், சம்பளமின்றி, ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக்காரரோடும் கணக்காய்வாளரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சிறப்பாக நடக்கும் அமைப்புகள் பல உள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வாடகைதாரர் அமைப்பு என்ற பெயர் மட்டும் எதற்கும் உத்தரவாதமல்ல: கிரென்ஃபெல் கோபுரத்தை நிர்வகித்ததும் அப்படித்தான் அழைக்கப்பட்ட ஓர் அமைப்பு. அது அந்த நகரப் பகுதியின் கவுன்சில் வீடுகள் முழுவதையும் கையேற்றுப் பெருத்து, வாடகைதாரரிடமிருந்து விலகிப்போயிருந்தது.

அதற்குப் பதிலாக ஒரு குடியிருப்பாளர் சங்கத்தைத் தொடங்குங்கள். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் நடத்தி, யாப்பு (சங்க விதிகள்) எழுதி, கூட்டக் குறிப்பு வாசித்து, பொருளாளரைக் குடைந்து கேள்வி கேட்டுப் பழகிய சமூகத்துக்கு இது கடினமான வேலையே அல்ல. மாமாவிடம் செயலாளர் பதவியைக் கொடுத்துப் பாருங்கள். கவுன்சில் அங்கீகரிக்க வேண்டுமானால் பொதுவாக எழுதப்பட்ட யாப்பு, எல்லா வீட்டாருக்கும் திறந்த உறுப்புரிமை, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தேர்தல், ஒழுங்கான கணக்கு ஆகியவற்றை எதிர்பார்க்கும். சிறு மானியமும் கூட்டம் நடத்த இடமும் தரும் கவுன்சில்கள் உண்டு. ஆறு தமிழ் வீடுகளோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். மற்ற 32 வீட்டாரின் கதவையும் தட்டாத சங்கத்தை, ஒரு பகுதியினரின் குரல் என்று சொல்லிக் கவுன்சில் தள்ளி வைக்கும். அப்படித் தள்ளுவது நியாயமும்கூட. வீடு வாங்கியவர்களும் சேரலாம், சேர வேண்டும். ஆனால் துப்புரவுச் செலவில் தம் பங்கைச் சேவைக் கட்டணமாகச் செலுத்துபவர்களுக்குச் செலவு குறைவது ஓர் இலாபமாகத் தோன்றலாம் என்பதை நினைவில் வைத்து, பதிலை எழுதும் முன்னரே அவர்களோடு பேசி ஒரு நிலைப்பாட்டுக்கு வாருங்கள்.

குளியலறைப் பூஞ்சணத்தை இந்தப் பதிலில் எழுதாதீர்கள். அதைத் திருத்த வேண்டிய குறைபாடாகத் தனியே இன்றே அறிவித்து, அறிவித்ததற்கான எண்ணை வாங்கி வையுங்கள். ராச்டேலில் 2020 டிசம்பரில் பூஞ்சணம் காரணமாக இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்ததையடுத்து, அவன் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிடத்தக்க ஆபத்து தரும் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். நடக்கவில்லையெனில் முறைப்பாடு செய்யுங்கள். முதற்கட்ட முறைப்பாட்டை 5 வேலை நாட்களுக்குள் பதிவு செய்து, அதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலை நாள். அதன் பிறகு, வாடகைதாரரின் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் வீடமைப்பு ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி நேரடியாகப் போகலாம்.

அம்மாவின் அச்சத்தைப் பொறுத்தவரை தெளிவாகவே சொல்லலாம். 19 ஆண்டுகளாக அதே வீட்டில் பாதுகாப்பான வாடகையுரிமையோடு இருப்பவரைச் சட்டத்தில் சொல்லப்பட்ட காரணமும் நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் வெளியேற்ற முடியாது. கருத்துச் சொல்வதும் சங்கம் அமைப்பதும் அந்தக் காரணங்களில் இல்லை. வாடகை நிலுவை அவற்றில் ஒன்று. ஆகவே யாராவது "எதிர்ப்பைக் காட்ட வாடகையை நிறுத்துவோம்" என்று கிளம்பினால் அதற்கு மட்டும் இணங்காதீர்கள். அம்மாவின் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து, அது பாதுகாப்பான வாடகையுரிமை என்றே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நம் வீடுகளில் ஒப்பந்தம் பெற்றோர் பெயரிலும் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்து பிள்ளைகள் கையிலும் இருப்பது வழமை. 105ஆம் பிரிவு பேசுவது வாடகைதாரரைப் பற்றியது என்பதால், பதிலை அம்மாவின் பெயரில் எழுதி, அவரே கையொப்பமிடட்டும். அவர் சார்பாகப் பேசவும் எழுதவும் உங்களுக்கு அனுமதி தருவதாக இரண்டு வரிகளில் ஒரு கடிதம் எழுதி, அவரது கையொப்பத்தோடு கவுன்சிலின் வீடமைப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி உங்களோடு பேச மறுப்பார்கள். கூட்டத்துக்கு அம்மா வர விரும்பினால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரத்துக்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள்.